மாமனார் செய்த வரிப் பிடித்தம்

முகப்பேரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சோபா, நியாயமாகப் பார்த்தால், அரசாங்கத்துக்குச் சொந்தமானது. அதை வாங்கிய நாளில் இது எனக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடி என்று கடைக்காரர்கள் தெருவுக்குத் தெரு கொடி கட்டியிருந்த சமயம். வங்கிக் கணக்கைப் பார்த்தேன். அதிலிருந்த தொகை என் மேலேயே எனக்கு மரியாதை வரும்படி இருந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேர் உட்காரும் பெரிய உருப்படி ஒன்றும், ஒருவர் மட்டும் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொள்ளத் தக்க சின்ன உருப்படி இரண்டும் வாங்கிப் போட்டேன். சின்னதில் நான்தான் உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயதில், நாலு புத்தகம் படித்தவன், தன் பணம் எது, பிறர் பணம் எது என்று தெரியாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது.

விஷயம் இதுதான். நான் சரக்கு விற்கும்போது பில்லில் விலைக்குக் கீழே ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு தொகை போடுகிறேன். வாங்குகிற கம்பெனி இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக என் கணக்குக்கு அனுப்பிவிடுகிறது. மறு மாதம் இருபதாம் தேதிக்குள் அந்தக் கீழ்த் தொகையை அரசாங்கத்துக்கு நான் கட்டவேண்டும். அதுவரைக்கும் அது என் கணக்கில் என் பணத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கும். முகஜாடையை வைத்து எது யாருடையது என்று சொல்லமுடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு முதல் தேதி ஒன்றுதான் தேதி. தொழில் தொடங்கிய பிறகு மாதம் பிறந்ததும் உள்ளங்கால் அரிக்க ஆரம்பிக்கும். பத்தாம் தேதிக்கு மேல் உட்கார்ந்த இடத்தில் இருக்கமுடியாது. பதினைந்துக்குப் பிறகு கைப்பேசி சிணுங்கினாலே அது ஆடிட்டராக இருக்குமோ என்று குரலை முன்கூட்டியே இளக்கிக்கொள்வேன்.

என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். மண்ணூர்பேட்டையில் ஒரு வாடகை ஷெட். நாங்கள் அட்டைப் பெட்டி செய்வதில்லை. பெட்டிக்குள் போகும் பொருளையும் செய்வதில்லை. பெட்டிக்குள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருப்பார்களே அட்டைத் தடுப்பு, அதைச் செய்கிறோம். வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிகிற சமாசாரம். என்னோடு சேர்த்து ஐந்து பேருக்கு அதில்தான் சாப்பாடு. பொழுதெல்லாம் அறை அறையாகத் தடுப்புப் போட்டு விற்கிறவன், தன் சொந்தக் கணக்கில் ஒரே ஒரு தடுப்புப் போட்டுக்கொள்ளவில்லை. இதை முதலில் சுட்டிக்காட்டியது பக்கத்து ஷெட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சுட்டிக்காட்டிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சோபாவைப் பார்க்க மேனாம்பேட்டிலிருந்து மாமனார் வந்தார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெறும் சமயத்தில் மேனாம்பேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருஷம் ஆகியும் பேச்சு அங்கேயே இருந்தது. நான் வேலையை விட்ட நாளிலிருந்து அவர் என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் "மாப்ள தனியாப் பண்ணுதாரு" என்று மட்டும் சொல்வார். என்ன பண்ணுகிறார் என்று யாராவது தொடர்ந்து கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தவணையா என்று விசாரித்தார். முழுப் பணமும் கொடுத்துத்தான் வாங்கினேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலையை விட்ட பிறகு அந்தப் பார்வையில் முதல்தடவையாகக் கொஞ்சம் மதிப்புத் தெரிந்தது. ஆடிட்டர் கூப்பிடும்வரை அந்த மதிப்பில் நன்றாகவே குளிர்காய்ந்தேன்.

ஆடிட்டருக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம். மிகவும் பொறுமைசாலி. பல் பிடுங்குகிறவருக்கு இருக்கும் பொறுமை. கட்டவேண்டிய வரி இவ்வளவு என்று சொன்னார், கணக்கில் இருப்பது எவ்வளவு என்று கேட்டார், பிறகு எத்தனை நாள் தாமதமாகும் என்று கேட்டார். அங்கே இங்கே புரட்டி, தாமத வட்டியோடு அந்த மாத வரியைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த மாதமே பாதி போய்விட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு முக்கால்வாசி வேலை கொடுப்பது திருமழிசைப் பக்கம் மருந்து பாட்டில் நிரப்பும் ஒரு கம்பெனி. ஒரு மாத வரியை நான் கட்டாமல் விட்டால், அடுத்த மாதம் நான் விற்ற கணக்கை இணையதளம் ஏற்றுக்கொள்ளாது. அது ஏறாவிட்டால், எனக்கு அவர்கள் கொடுத்த வரியை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது என் சோபாவுக்கு அவர்கள் பணம் கட்டியதாக ஆகும். அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி என்னை விட இருபது வயது சின்னவர், மிக மரியாதையாகப் பேசினார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு, சார், என்றார். அந்த 'சார்' என்ற சொல்லுக்குப் பின்னால் என் ஷெட்டின் கதவு இழுத்துச் சாத்தப்படும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இனிமேல் வரிப்பணம் என் கையில் இருக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். தனியாக ஒரு கணக்குத் திறந்தால் போதும் என்று ஆடிட்டர் சொன்னார். அந்தக் கணக்கின் ரகசிய எண்ணும் என் மூளையில்தானே இருக்கும், அந்த மூளைதானே சோபா வாங்கியது என்று நான் வாதாடினேன். யாரிடம் கொடுத்தால் கட்டும் நாளுக்கு முன்னால் கேட்டாலும் திரும்பக் கிடைக்காதோ அப்படி ஒருவர் வேண்டும். யோசிக்க யோசிக்க மாமனாரின் முகம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வாங்கியவர். பார்க்காத பணத்துக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்பதை மட்டும் அதிகச் சத்தமாகச் சொல்வார். எனக்கும் ஒரு வரிப் பிடித்தம் வேண்டும், அதை அவரே செய்யட்டும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய கண்டுபிடிப்பாக இதை மனைவியிடம் சொன்னேன். "எங்கப்பா என்ன கஜானாவா நடத்துறாரு" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மாமனார் இதை ஒரு உத்தியோகமாகவே ஏற்றுக்கொண்டார். கம்பெனியிலிருந்து பணம் வந்ததும் வரிக்கு உரிய பங்கை உடனே அவர் கணக்குக்கு அனுப்பிவிடுவேன். காலை நடை முடிவதற்குள் அனுப்பிவிட்டால் நல்லது மாப்ள என்று ஒருமுறை சொன்னார். காரணம் கேட்கவில்லை. வயதானவர்களுக்கு எல்லாம் காலையிலேயே முடிந்துவிடவேண்டும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதி வாக்கில் மேனாம்பேட்டுக்குப் போவேன். காப்பி வரும். பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காசோலையில் என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, காய்வதற்காக ஊதிக் கொடுப்பார். பால்பாயிண்ட் பேனா மைதான். இருந்தாலும் ஊதுவார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படி நடந்தது. உள்ளங்கால் அரிப்பு அடங்கியது. ஆடிட்டரிடம் வலியப் போய்ப் பேசினேன். லேத்காரருக்கும் இதே ஏற்பாட்டைச் சிபாரிசு செய்தேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாத்தே, எம் மாமனாராண்ட துட்டக் குட்தா, அது எனுக்கு மட்டும் இல்ல, கவர்மெண்டுக்கே திரும்பி வராது" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் கணக்கை முடித்துவிடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். அந்த வருஷம் வேலையும் அதிகம். வழக்கத்தைவிட மூன்று மடங்கு வரிப்பணம் மாமனார் கணக்குக்குப் போனது. கட்டுவதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு மாதத்தை நான் வெகு நிம்மதியாகக் கழித்தேன். மறு மாதம் பதினெட்டாம் தேதி சாயங்காலம், வெள்ளிக்கிழமை, காப்பியைக் குடித்துவிட்டுக் காசோலைக்காகக் காத்திருந்தேன். மாமனார் எழுந்திருக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். அடுத்த தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றிச் சொன்னார். நானாகவே காசோலையைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஒரு வருஷத்துக்கு டெபாசிட்ல போட்டாச்சு மாப்ள," என்றார். "சும்மாதானே கெடந்தது. சீனியர் சிட்டிசனுக்கு அரை பெர்சன்ட் கூடத் தாராங்க."

மறுநாள் சனிக்கிழமை, அதற்கு மறுநாள் இருபதாம் தேதி. எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அது சர்க்கார் பணம் மாமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டவேண்டும், கட்டாவிட்டால் கம்பெனி போய்விடும், கம்பெனி போனால் ஷெட்டும் போய்விடும் என்று நடந்துகொண்டே சொன்னேன். அவர் பதறவில்லை. ஒரு சின்னக் குழந்தைக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தோடு பேசினார்.

"சர்க்கார் பணம்னா சர்க்காரே பிடிச்சிருக்கும்லா. எங்கிட்ட ஒரு பைசா விட்டு வச்சாங்களா? உங்க கைக்கு வருதுன்னா அது உங்க பணம்தான் மாப்ள. யாரோ உங்களைப் பயங்காட்டுதாங்க."

கோடிக்கணக்கான கடைக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும் நம்பி, அவர்கள் கையில் தன் பணத்தைக் கொடுத்துவிட்டு, இருபதாம் தேதி கொண்டுவந்து கட்டுங்கள் என்று ஒரு அரசாங்கம் சொல்லும் என்பதை அவரால் நம்பமுடியவில்லை. அதிலும் என்னைப் போல ஒருவனை நம்பி. யோசித்துப் பார்த்தால் எனக்கே அது நம்பக்கூடிய ஏற்பாடாகத் தோன்றவில்லை. அவரிடம் நிரூபிப்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. சோபாவின் கதையைச் சொன்னேன். எப்படி வாங்கினேன், யார் பணம், ஆடிட்டர் என்ன சொன்னார், கம்பெனியில் என்ன சொன்னார்கள் எல்லாவற்றையும். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருந்ததே, அது மாமனார் முகத்திலிருந்து படி இறங்கிப் போவதை நேருக்கு நேராகப் பார்த்தேன். பிறகு, "காலையில பேங்க் தொறந்ததும் போவோம்," என்றார்.

மறுநாள் அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வங்கிக் கிளையில் நல்ல கூட்டம். டெபாசிட்டை முன்கூட்டியே முறித்தால் வட்டி குறையும் என்று கவுண்டரில் இருந்த பெண் விளக்கினார். தெரியும் என்றார் மாமனார். ஏன் முறிக்கிறீர்கள், காரணம் எழுதவேண்டும் என்றார் அந்தப் பெண். மாமனார் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவுண்டர் பக்கமாகக் குனிந்து, "குடும்பத்துல ஒரு கஷ்டம்னு போட்டுக்கிடுங்க," என்றார். அந்தப் பெண்ணும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கஷ்டம் எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

அதோடு முடியவில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. பழைய மாதிரிக் கையெழுத்தில் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சுழி நீண்டு வளைந்து நின்றது. இப்போதைய கையெழுத்தில் அந்த இடத்தில் ஒரு நடுக்கம்தான் இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் திரும்பியது. காசோலைகளில் எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை. சின்னத் தொகைகளுக்கு யாரும் உற்றுப் பார்க்கவில்லையோ என்னவோ. நான் கண்ணாடிக் கதவுக்கும் கவுண்டருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். காவலாளி என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன். உள்ளே மதிய இடைவேளைக்கு யாரோ டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மாமனார் ஒரு ஓரமாக நின்று, பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைத் தானே போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பதவி உயர்வு, வீட்டுக் கடன், மகள் கல்யாணச் செலவு எல்லாவற்றுக்கும் போட்ட கையெழுத்து. அதை இப்போது ஒரு அட்டைத் தடுப்பு வியாபாரிக்காக, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவசரம் போய் வேறு என்னவோ வந்தது. வேண்டாம் மாமா, நான் வேறு வழி பார்க்கிறேன் என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நடக்காம நில்லுங்க மாப்ள. கை ஆடுது," என்றார்.

அசையாமல் நின்றேன். அந்தத் தடவை சுழி வந்தது. அந்தப் பெண் இரண்டு கையெழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார். என் கணக்கும் அதே வங்கியில் இருந்ததால் நாங்கள் ஆட்டோ பிடிப்பதற்குள் பணம் வந்து சேர்ந்துவிட்டது. அவரை வீட்டில் இறக்கிவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். அரசாங்க இணையதளத்தில் வட்டமாக ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதோடு சேர்ந்து நானும் சுற்றினேன். பக்கத்து ஷெட்டிலிருந்து லேத்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, கூண்டுல மாட்ன எலி மாரி சுத்திகினு கீற. துட்டு வந்துச்சா இல்லியா?" என்றார். வந்துவிட்டது, போகத்தான் மாட்டேன் என்கிறது என்றேன். கட்டுவதற்குத் துட்டோடு உட்கார்ந்திருப்பவனைக் காக்க வைக்கிற கடையை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். மூன்றாம் முறை முயன்றபோது போய்விட்டது. கம்பெனி தப்பித்தது, ஷெட் தப்பித்தது. அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கும் நான்தான் தடுப்புச் செய்து கொடுக்கிறேன்.

முறித்ததில் குறைந்துபோன வட்டியைத் தருகிறேன் என்று சொன்னேன். "நீங்க எனக்கு வட்டி குடுக்கதா" என்று சிரித்து மறுத்துவிட்டார். மறுத்த பிறகு, எத்தனை ரூபாய் போயிற்று என்பதைக் காதுகுத்து, வளைகாப்பு என்று ஒரு விசேஷம் விடாமல் உறவினர்களிடம் சில்லறை வரை சொன்னார். நான் ஆடிட்டர் முன்பே சொன்ன மாதிரி தனிக் கணக்கு ஒன்று திறந்தேன். வரிப்பணம் வந்தவுடன் அங்கே தானாகவே போய்விடும்படி ஏற்பாடு செய்துகொண்டேன். இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இல்லை மாமா என்று மேனாம்பேட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும் என்று நம்பினேன். "சரி மாப்ள," என்றார். வாசல்வரை வந்து, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். அதன்பின் இரண்டு மூன்று மாதம், காலை வேளையில் கூப்பிட்டு, கட்டியாயிற்றா என்று விசாரித்தார். ஆயிற்று மாமா என்று சொல்லி வைத்துவிடுவேன். அப்புறம் அவர் கூப்பிடுவது நின்றது. நின்றதைக்கூட நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இப்போது எல்லாம் தானாக நடக்கிறது. கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் போகிறது. இருபதாம் தேதி வருகிறது, போகிறது. ஆனால் அரிப்பு மட்டும் போகவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் பத்தாம் தேதியிலிருந்து ஷெட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். எதை மறந்துவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். ஒன்றும் மறக்கவில்லை என்று கணக்குச் சொல்லும். கால் கேட்காது.

போன வருஷம் மாமனார் காலமானார். இரண்டே நாள் காய்ச்சல். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு காலையில் நடக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வந்திருந்தார்கள். எல்லாரும் அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது, அவர்களில் உயரமான ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாசாமாசம் அவருக்குப் பணம் போட்டுக்கிட்டு இருந்த மாப்பிள்ளை நீங்கதானே? போன்ல மெசேஜ் வந்ததும் நடக்கிறதை நிறுத்திட்டு, ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் காட்டுவாரு. பெத்த பையன்கூட இப்படி அனுப்ப மாட்டான்னு சொல்லுவாரு."

அது வரிப்பணம், ஜிஎஸ்டி, அவரிடம் வைத்திருக்கக் கொடுத்தது, பதினெட்டாம் தேதி திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று நான் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் ஆறுதலாக என் தோளைத் தட்டினார்.

"பரவாயில்லை தம்பி, யாருக்குத்தான் கஷ்டம் வரல. திடீர்னு நின்னு போச்சேன்னு நாங்களும் கேட்டோம், அவரு வெயிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு. இப்ப எங்கயாவது வேலைக்குப் போறீங்களா?"